மாரிக்குப்பத்து முதல் வண்டி: தங்கம் போன பிறகு தங்கவயல்

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. சென்னை-பெங்களூரு பாதையில் பங்காருப்பேட்டையில் பிரிந்து வரும் கிளைப் பாதை, பதினாறு கிலோமீட்டர் வந்து இங்கே நின்றுவிடும். அதற்கப்பால் போக வேண்டிய ஊர் எதுவும் அதைப் போட்டவர்களுக்கு இருக்கவில்லை. 1894-ல் தங்கச் சுரங்கங்களுக்காகவே போட்ட பாதை இது.

விடிவதற்கு முன்பே நடைமேடையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பையில் டிபன் பாக்ஸ், மடித்து வைத்த செக்யூரிட்டி சட்டை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. துணிக்கடைக்குப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற பையன்கள். பெங்களூரு இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. வழியில் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று நிலையங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுரங்கத்தின் பெயர். ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் பேர் ஏறிக்கொள்வார்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் உட்கார இடம் இருக்காது.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கும் கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப்., 2001-ல் சுரங்கத்தை இழந்தது. சுரங்கம் மூடிய ஊர்கள் உலகம் முழுக்கக் காலியாகித்தான் போயிருக்கின்றன. கதவு கழன்ற வீடுகளும் துருப்பிடித்த இயந்திரங்களும் மட்டும் மிஞ்சி, சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் இடமாகிவிடும். தங்கவயல் அப்படி ஆகவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். ஆனால் அது பிழைத்து எழுந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஏன் சாகவில்லை, ஏன் எழவில்லை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவதற்குப் பாதி விடை அந்த முதல் வண்டியில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை பெரும்பாலும் நிலப் பத்திரங்களில் இருக்கிறது.

மண்ணை அலசியவர்களும் உரிமம் வாங்கியவர்களும்

இங்கே தங்கம் இருப்பதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்று சொல்வது சரியில்லை. சுற்றுக் கிராமத்து மக்கள் காலங்காலமாக மண்ணை அலசிப் பொடித்தங்கம் எடுத்து வந்தார்கள், பழைய குழிகளும் இருந்தன. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-ல் அதைப் பார்த்து எழுதி வைத்தார், அவ்வளவுதான். எழுபது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரு கண்டோன்மென்டில் ஓய்வாக உட்கார்ந்திருந்த சிப்பாய். 1875-ல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமம் வாங்கினார். உரிமம் வாங்க முடிந்தது, தோண்டப் பணம் இல்லை. இரண்டே ஆண்டில் உரிமையைக் கைமாற்றிவிட்டார். பெங்களூரின் விலையுயர்ந்த தெருக்களில் ஒன்றான லாவெல் ரோடு அவர் பெயரில் இருப்பது. மாரிக்குப்பத்து வண்டியில் போகும் செக்யூரிட்டிகளில் யாராவது ஒருவர் தினமும் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருக்கலாம்.

1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம் உள்ளே வந்தது. முதல் சில ஆண்டுகள் போட்ட பணமெல்லாம் மண்ணோடு போனது. எண்பதுகளின் நடுவில் மைசூர் சுரங்கத்தில், பழைய குழிகள் காட்டிய தடத்தைப் பிடித்துக் கீழே போனபோது, சாம்பியன் லோட் என்ற தங்கச் செறிவான குவார்ட்ஸ் அடுக்கு கிடைத்தது. அதிலிருந்துதான் எல்லாம். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல்.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். இயந்திரங்களை ஓட்ட நீராவிக்கு விறகும் நிலக்கரியும் கொண்டுவந்து கட்டுப்படியாகவில்லை. அதனால் காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, 1902-ல் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூரு நகரத்துக்குத் தெருவிளக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. தண்ணீருக்குப் பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரி. ஆங்கிலேய, ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் குன்றின் மேல் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கும். சொல்கிறவர்களில் பெரும்பாலோரின் பாட்டனுக்கு அந்த கிளப் வாசலைத் தாண்ட அனுமதி இருந்ததில்லை.

லைன் வீடு

பாட்டன்கள் இருந்தது லைனில், அதாவது தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீடுகளில். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் இருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் தலித்துகள், அவர்களிலும் பெரும்பான்மை தமிழ் பேசுகிறவர்கள். பஞ்சம் துரத்தியது ஒரு காரணம். ஆனால் பஞ்சம் மட்டுமே காரணம் என்றால் மழை வந்ததும் திரும்பிப் போயிருப்பார்கள். ஊரில் பண்ணையாருக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவனுக்கு இங்கே கூலி காசாகக் கிடைத்தது. வேலையில் நம்பர் இருந்தது, அந்த நம்பருக்குச் சாதி இல்லை. லைன்களில் சாதி பார்த்துத்தான் குடிவைத்தார்கள், மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் கமிஷன் பிடித்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் விட்டுவிட்டு வந்த ஊரோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

விலை என்ன கொடுத்தார்கள்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் தரைக்குக் கீழே கிட்டத்தட்ட 3.2 கிலோமீட்டர் போனது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்துக்கு ஒரே கேஜில், ஆளை இறக்கும் இரும்புக் கூண்டில், இறங்க முடியாது. ஒரு ஷாஃப்டில், செங்குத்தான குழியில், இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். கீழே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்புவதற்கென்றே மேலே இயந்திரங்கள் ஓடின. அப்புறம் ராக்பர்ஸ்ட். மேலே அழுத்தும் பாறையின் பாரம் தாங்காமல், தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை திடீரென வெடித்துச் சிதறும். ஆள் உள்ளே இருந்தால் அவ்வளவுதான். மேலே வீடுகளில் பாத்திரம் அதிரும். அதிர்ந்த உடனே பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள் என்பது இங்கே குடும்பம் குடும்பமாகச் சொல்லப்படும் நினைவு.

வெடித்துச் செத்தவர்களுக்குக் கணக்கு இருந்தது. மெதுவாகச் செத்தவர்கள் கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது வரும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் ஆகும். ஆண்டுக்கணக்கில் இருமி, மூச்சிழுத்து, நாற்பது ஐம்பது வயதில் போய்விடுவார்கள். கணவன் போன வீட்டில் மகன் அதே வேலையில் சேர்வான். வீட்டை விடாமல் இருக்க அதுதான் வழி, வீடு கம்பெனியுடையது.

கம்பெனி இவர்களை நம்பவும் இல்லை. தங்கத் திருட்டைத் தடுக்க 1897-லேயே மைசூர் அரசு தனிச் சட்டம் போட்டுக் கொடுத்தது. வேலை முடிந்து மேலே வரும் ஆளைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். 1930-ல் எல்லோரிடமும் கைரேகை எடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தபோது, வலுவான சங்கம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கூலி குறைவு என்று பொறுத்துக்கொண்டவர்கள், எங்களைக் குற்றவாளியாகப் பதிவு செய்யாதே என்பதற்காக எழுந்தார்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு நிகழ்ச்சி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. கம்யூனிஸ்ட் சங்கங்கள் வளர்ந்த பிறகு, 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் நினைவு இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.

தமிழ் வாசகர் ஒருவர் தங்கவயலை அறிய வேண்டிய இன்னொரு காரணம் உண்டு, ஊர்ப் பெயரில் வந்த சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. சுரங்கத்தில் வேலை முடித்து வந்தவர்கள் சங்கக் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கக் கேட்டார்கள், தங்கள் திருமணங்களைப் பௌத்த முறைப்படி நடத்தினார்கள். பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவருக்குப் பிறகு நின்றுபோனபோது, 1926-ல் அதை மீண்டும் கொண்டுவந்தவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் எழுத்துகள் அழியாமல் நம் கைக்கு வந்ததில் இந்த ஊர்த் தொழிலாளர்களின் சந்தாப் பணத்துக்கும் பெட்டிகளில் பாதுகாத்த பழைய தாள்களுக்கும் பெரிய பங்குண்டு. 1954-ல் அம்பேத்கரும் இங்கே வந்து போனார். இந்தத் தொகுதி கர்நாடகச் சட்டமன்றத்துக்குக் கம்யூனிஸ்டுகளை அனுப்பியிருக்கிறது, ரிபப்ளிகன் கட்சியை அனுப்பியிருக்கிறது, ஒருமுறைக்கு மேல் அ.தி.மு.க.வையும் அனுப்பியிருக்கிறது. கர்நாடக வரைபடத்தில் இப்படி ஒரு புள்ளி வேறெங்கும் கிடைக்காது.

இடையில் ஒரு சின்னக் கிளைக்கதை. 1965-ல் இதே சாம்பியன் ரீஃபில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வைத்த கருவிகளில் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற, பாறையையும் ஊடுருவி வரும் நுண்துகள்களின் தடம் பதிவானது. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. உலகில் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை. மற்ற அண்டக் கதிர்களை மேலே உள்ள பாறை வடிகட்டிவிடும் என்பதால் இவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. தங்கத்துக்காகத் தோண்டிய குழியில் இயற்பியல் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் சுரங்கத்தின் நிலையோடு அந்த ஆய்வும் முடிவுக்கு வந்தது. தேனிப் பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்று நாம் சண்டை போட்டதற்கு முன்கதை இங்கேதான் இருக்கிறது.

மூடிய நேரம்

1956-ல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமானது, சுருக்கமாக பி.ஜி.எம்.எல். வெள்ளைக்காரக் கம்பெனி போய் அரசாங்கக் கம்பெனி வந்ததில் வேலைக்குப் பாதுகாப்பு வந்தது, சம்பளம் ஏறியது, ஆஸ்பத்திரி இருந்தது. பாறையில் தங்கம் மட்டும் குறைந்துகொண்டே போனது. நல்ல காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில், கடைசியில் மூன்று கிராம் அளவுக்கு வந்துவிட்டது. ஆழம் கூடக் கூட ஆளை இறக்கவும், தண்ணீரை இறைக்கவும், காற்றைக் குளிர்விக்கவும் செலவு கூடியது. 1992-ல் நலிந்த நிறுவனம் என்று பட்டியலில் சேர்ந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அப்போது மிஞ்சியிருந்த தொழிலாளர்கள் சுமார் 3,500 பேர்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். 2001 தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 260, 270 டாலர். இருபது ஆண்டுகளில் மிகக் குறைந்த விலைக்குப் பக்கத்தில் இருந்த நேரம். பத்தே ஆண்டில், 2011-ல், அது 1,900 டாலரைத் தொட்டது. 2020-ல் 2,000-ஐத் தாண்டியது. விலை ஏறும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாதுதான், அதற்காக அரசைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பம்புகளை நிறுத்திய முடிவு வேறு வகை. சுரங்கத்தில் பம்பை நிறுத்தினால் நிலத்தடி நீர் ஏறி எல்லா மட்டங்களையும் மூழ்கடிக்கும். மூடுவதைத் திரும்ப யோசிக்கலாம், மூழ்கியதைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்டப் புதுச் சுரங்கம் தோண்டும் செலவு. விலை ஏறிய பிறகு, சுரங்கத்தைத் திரும்பத் திறப்போம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது சொல்கிறார்கள். 2013-ல் உலக அளவில் டெண்டர் விட உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஷாஃப்டுக்குள் தண்ணீர் நிற்கிறது.

மூடியபோது நின்றது சம்பளம் மட்டுமல்ல. இந்த ஊரில் தண்ணீர்க் குழாய், விளக்கு, ஆஸ்பத்திரி, கக்கூஸ், ரோடு எல்லாமே கம்பெனி கொடுத்தவை. நகராட்சி என்பது ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்ற கடைவீதிப் பகுதிகளுக்கு மட்டும்தான் ஒழுங்காக இருந்தது. லைன்கள் யாருடையவை? கம்பெனி நிலம், கம்பெனி வீடு. கம்பெனியோ இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நிலை. ஒவ்வொரு வசதிக்கும் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டியது. பராமரிப்பற்ற பொதுக் கழிவறைகளைக் கையால் சுத்தம் செய்யும் கொடுமை சட்டம் தடைசெய்த பிறகும் இங்கே தொடர்ந்தது, 2011 வாக்கில் அது வெளியே வந்து பெரிய விவகாரமானது. சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கம்பெனி போனதும், சாதி பார்த்துத் தள்ளும் அதே வேலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

நிலம்தான் முடிச்சு

பி.ஜி.எம்.எல். கையில் இருக்கும் நிலம் 12,000 ஏக்கருக்கும் மேல். ஊரின் நடுவிலும் ஓரத்திலும் அதுதான். சின்னப் பட்டறை வைக்க, கடை கட்ட, வங்கியில் அடமானம் வைக்க யாருக்காவது பத்திரம் வேண்டுமே? லைன் வீட்டில் மூன்று தலைமுறை இருந்தவரிடமும் காட்டுவதற்கு அப்படி ஒரு தாள் கிடையாது. தொழில் வளராததற்குத் தொழிலாளர்கள் சோம்பேறிகள், சங்கங்கள் கெடுத்துவிட்டன என்று பெங்களூரில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை. 1964-ல் வந்த பெமல் தொழிற்சாலை, மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறை, ஒன்றுதான் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி நின்ற பெரிய வேலையிடம். மாநில அரசு கொஞ்ச நிலத்தை வாங்கித் தொழிற்பேட்டை அமைப்பதாகப் பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது.

அந்த நிலத்தில்தான் சயனைட் மலைகளும் இருக்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சாம்பல் நிற மண், நூறாண்டுகளாகக் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாகி நிற்கிறது. பதின்மூன்று குன்றுகள், சுமார் 3.3 கோடி டன். புல் முளைக்காது. மழை ஓடிய இடத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் பிளவுகள். ஆடிக் காற்றடித்தால் தூசு எழும்பி வீட்டுக் கூரை, சோறு, கண் எல்லாவற்றிலும் படியும். மழை பெய்தால் கீழே வயலுக்கு இறங்கும். சினிமாக்காரர்களுக்கு அது வேற்றுக்கிரகம்போல் தெரிகிறது. ஊர்ப் பெயரிலேயே வந்த கன்னடப் படம் ஓடிய பிறகு வெளியூர்ப் பையன்கள் அந்த மேட்டில் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். படத்தில் வந்த அடிமைக் கூட்டத்துக்கும், கைரேகைக்காக வேலைநிறுத்தம் செய்த ஆட்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த மண்ணிலும் டன்னுக்குக் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய விலைக்கு அதை மறுபடி அலசுவது கட்டுபடியாகும் என்பது கணக்கு. 2024 ஜூனில், சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்திருக்கும் பதின்மூன்று மேடுகளிலும் தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை கிடைக்கும் என்ற ஆசை ஒரு பக்கம், கிளறினால் தூசு இன்னும் பறக்குமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஆழத்தில் ஆள் இறங்க வேண்டியதில்லை, இயந்திரம் அள்ளிப் போட்டுவிடும். பழைய அளவுக்கு ஆள் எடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் ஏமாறத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தூசு மலை ஊரை விட்டுப் போவதே லாபம் என்று நினைப்பவர்களோடு என்னால் சண்டை போட முடியாது.

திரும்பி வரும் வண்டி

இவ்வளவுக்கும் நடுவில் ஏன் ஊரை விட்டுப் போகவில்லை? போக ஊர் இல்லை என்பது ஒன்று. பாட்டன் விட்டு வந்த வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பேரனுக்கு நிலமும் இல்லை, திரும்பிப் போகும் ஆசையும் இல்லை. பெங்களூரில் ஒரு அறைக்குக் கேட்கும் வாடகையும் அட்வான்சும் வேலைக்குப் போகிற சம்பளத்தில் பாதியைத் தின்னும். இங்கே லைன் வீடு, எவ்வளவு சிதைந்திருந்தாலும், இருக்கிறது. மாத சீசன் டிக்கெட் விலை அந்த வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆக, சுரங்கத்துக்காகப் போட்ட ரயில் சுரங்கம் போன பிறகு ஊரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் ஐந்து மணி நேரம் அதற்குக் கட்டும் கூலி.

வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், வண்டியில் மூன்றும் கலந்து. தமிழ் படித்த தாத்தாவின் பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சபைகளில் ஞாயிறு ஆராதனை, பௌத்த சங்கத்தில் வைகாசிப் பௌர்ணமி, மாரியம்மன் கோயிலில் கூழ், எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடக்கின்றன. கொஞ்ச தூரத்தில் கம்மசந்திராவில் 108 அடி லிங்கம் இருக்கும் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கு வெளியூர் பஸ்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தங்கவயலில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

இரவில் வண்டி மாரிக்குப்பத்தில் வந்து நிற்கும்போது பெட்டிகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்ப வேண்டும். வெளியே ஆட்டோக்காரர்கள் கூவுவார்கள். எங்கே போக வேண்டும் என்று சொல்ல இன்னும் பழைய அடையாளங்கள்தான். கிஃபர்ட் ஷாஃப்ட் பக்கம், எட்கர் ஷாஃப்ட் பக்கம், இன்ன லைன், இத்தனாவது வரிசை. ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் இருட்டில் தெரியாது. ஆட்டோக்காரருக்கு அது எங்கே என்று தெரியும்.